சொற்களில் உறைந்த பயணம்

எழுத்து வழக்கில்லாத ஒரு மக்கள், தம் முன்னோர் நடந்து வந்த வழியை எங்கே குறித்து வைத்திருப்பர்? அதபாஸ்கன் மொழிக்குடும்பத்தை அறிய முற்படுகையில் நமக்கு எழும் முதல் வினா இதுவே.

அலாஸ்காவின் உட்பகுதியிலும் கனடாவின் வடமேற்குக் காடுகளிலும் இம்மொழிகள் வழங்குகின்றன. பசிபிக் கரையோரமாக ஓரிகன், கலிபோர்னியா வரை சில கிளைகள் பரவியிருந்தன. வெகு தொலைவில், அமெரிக்காவின் தென்மேற்கு வறண்ட நிலத்தில் வாழும் நவஹோ, அபாச்சி மக்களும் இக்குடும்பத்தினரே. 'அதபாஸ்கன்' என்பது இவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. கனடிய ஏரியொன்றுக்குக் கிரீ மொழியினர் வழங்கிய பெயரை, 1836-இல் ஆல்பர்ட் கலட்டின் இக்குடும்பத்திற்குச் சூட்டினார். இம்மக்களுள் பலர் தம்மைத் 'தெனே' என்றும், நவஹோக்கள் 'தினே' என்றும் அழைத்துக்கொள்வர். 'மக்கள்' என்பதே அதன் பொருள்.

பனிக்காட்டினருக்கும் பாலைநிலத்தாருக்கும் உறவு எவ்வாறு வந்தது? 1936-இல் மொழியியலறிஞர் எட்வர்ட் சபீர் இதற்கு நவஹோச் சொற்களையே சாட்சிக்கு அழைத்தார். சுரைக்குடுக்கையால் ஆன அகப்பைக்கு நவஹோக்கள் வழங்கும் சொல், விலங்கின் கொம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. வடக்கே கொம்பில் கரண்டி செய்தவர்கள், சுரை விளையும் நிலத்தை அடைந்தபின் பொருளை மாற்றினர், பெயரை மாற்றவில்லை. விதைகள் சிதறிக் கிடப்பதைச் சொல்லும் வினையில், பனித்துகள் படிந்து கிடந்ததன் பழைய நினைவு ஒளிந்திருப்பதையும் அவர் கண்டார். மக்காச்சோளத்தின் பெயரோ 'பகைவர் உணவு' என்று பிரிந்து பொருள் தருகிறது. அப்பயிர் பிறரிடமிருந்து பெற்றது என்பதைச் சொல்லே ஒப்புக்கொள்கிறது. தெற்கு நோக்கிய பயணத்திற்கு ஏடு இல்லை, சொல் இருந்தது.

அத்தகைய சொற்களைப் பேசியதற்காகவே உறைவிடப் பள்ளிகளில் நவஹோப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 1942-இல் அதே அரசு, பசிபிக் போர்முனையில் பகைவர் அறியவியலாத சங்கேதம் அமைக்க நவஹோ மொழியையே நாடியது. முதலில் சேர்ந்த 29 நவஹோ வீரர்கள் அதை உருவாக்கினர்.

நவஹோ மொழியை இன்றும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் பேசுகின்றனர். எல்லா மொழிக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. அதபாஸ்கன் குடும்பத்தின் மிக நெருங்கிய உறவான ஏயாக், தென் அலாஸ்காக் கரையில் வழங்கியது. அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதரான மேரி ஸ்மித் ஜோன்ஸ் 2008 ஜனவரி 21 அன்று மறைந்தார். அறிஞர் மைக்கேல் கிரவுஸ் அவரோடும் பிற மூத்தோரோடும் அமர்ந்து தொகுத்தமையால் ஏயாக் அகராதியும் கதைகளும் எஞ்சின. 2014-இல் அலாஸ்கா மாநிலம் இருபது பூர்வகுடி மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றபோது, ஏயாக்கும் அப்பட்டியலில் இடம்பெற்றது. அதைத் தாயிடம் கற்றவர் எவரும் அந்நாளில் உயிருடன் இல்லை.

ஒரு மொழி மறைகையில் பேச்சு மட்டுமே போகிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். கொம்பு அகப்பையான கதை, பேசுவோர் இருந்தமையாலன்றோ சபீருக்குக் கிட்டியது? கேட்டு எழுதுவாரின்றி மறைந்த மொழிகளோடு அத்தகைய எத்தனை பயணங்கள் மறைந்தனவோ, அவற்றை இனி எவரும் மீட்டெடுக்க இயலாது.