‘பலவீனம்’ என்று மார்க் வாங்கிய ஒரு காமெடித் தொடர்

நாலைந்து வருடம் முன்பு குளிர்காலத்தில் நானும் என் மனைவியும் நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருந்தோம். வெளியே பனி. வாக்கிங் போக வழியில்லை. சாயங்காலம் ஆனால் டி.வி.தான் துணை.

ஒரு சனிக்கிழமை மகன், “சைன்ஃபெல்ட் பாருங்கப்பா, விழுந்து விழுந்து சிரிப்பீங்க” என்று முதல் எபிசோடிலிருந்து போட்டான். இரண்டு நண்பர்கள் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, சட்டையின் இரண்டாவது பட்டன் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று பேசுகிறார்கள். பிறகு காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்குப் போகிறார்கள். அங்கே துணி காய்ந்ததா இல்லையா என்று ஒரு விவாதம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “கதை எப்போடா ஆரம்பிக்கும்?” என்று கேட்டேன்.

“1989-ல இங்கயும் இதையேதான்பா கேட்டாங்க” என்றான். அப்புறம்தான் இந்தத் தொடரின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை!

ஜெர்ரி சைன்ஃபெல்ட் மேடையில் தனியாக நின்று ஜோக் சொல்லிப் பிழைத்தவர். நண்பர் லாரி டேவிட்டுடன் சேர்ந்து என்.பி.சி. நிறுவனத்துக்காக ஒரு எபிசோடு எழுதினார். இப்படி ஒன்றை மட்டும் முதலில் எடுத்துப் பார்ப்பதை அங்கே பைலட் என்பார்கள். வெளியூரில் பழக்கமான ஒரு பெண் நியூயார்க் வருகிறாள், ஜெர்ரி வீட்டில் தங்கப் போகிறாள், அவள் மனதில் என்ன இருக்கிறது என்று ஜெர்ரி தவிக்கிறார். கடைசியில் அவளுக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது என்று தெரிகிறது. அவ்வளவுதான் கதை.

அமெரிக்காவில் பைலட்டை அப்படியே ஒளிபரப்பிவிட மாட்டார்கள். முதலில் சாதாரண ஜனங்களுக்குக் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் இதற்கென்றே ‘பிரிவ்யூ ஹவுஸ்’ என்று ஒரு அரங்கம் இருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ரேடியோ குமிழ் மாதிரி ஒன்று. போரடித்தால் ஒரு பக்கம், பிடித்தால் மறு பக்கம் திருப்ப வேண்டும். அன்றைய கூட்டம் சிரிக்கிற கூட்டமா, உம்மணாமூஞ்சிக் கூட்டமா என்று தெரிந்துகொள்ள முதலில் ஒரு கார்ட்டூன் போடுவார்களாம். பலே கெட்டிக்காரர்கள்.

சைன்ஃபெல்ட் பைலட்டை வீடுகளில் இருப்பவர்களுக்குக் காட்டி விசாரித்தார்கள். வந்த ரிப்போர்ட்டின் மொத்த மதிப்பீடு ஒரே சொல்: பலவீனம். இரண்டு பேர் துணி துவைக்கப் போவதில் என்ன சுவாரசியம் என்று கேட்டிருந்தார்கள். நண்பன் ஜார்ஜ் எதற்கும் லாயக்கில்லாதவன் மாதிரி இருக்கிறான். ஜெர்ரியைச் சுற்றியிருப்பவர்கள் போதாது. மறுபடி பார்க்கும் ஆவல் இல்லை. இப்படிப் போகிறது பட்டியல். நான் சோபாவில் உட்கார்ந்து சொன்னதேதான்.

1989 ஜூலை 5 அன்று, பழைய எபிசோடுகள் மறுஒளிபரப்பாகும் கோடைக் காலத்தில், ஒரே ஒரு தடவை போட்டுவிட்டு மூட்டை கட்டி வைத்தார்கள். வேறொரு நிறுவனத்திடம் தள்ளிவிடப் பார்த்தார்கள். அவர்களும் வாங்கவில்லை.

இந்த இடத்தில் ரிக் லட்வின் என்ற அதிகாரி வருகிறார். அவருக்கும் காமெடித் தொடர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. பின்னிரவு நிகழ்ச்சிகளும் சிறப்பு நிகழ்ச்சிகளும்தான் அவருடைய இலாகா. அவருக்குப் பைலட் பிடித்திருந்தது. பாப் ஹோப்பின் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றைக் குறைத்து, அந்தப் பணத்தில் நாலே நாலு எபிசோடு எடுக்கச் சொன்னார். நாலு என்பது அந்த ஊரில் யாரும் கேள்விப்படாத சில்லறை ஆர்டர்.

ஜனங்கள் சொன்னதெல்லாம் தப்பு என்று இந்தக் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுற்றியிருப்பவர்கள் போதாது என்றது சரிதான். பைலட்டில் பெண் என்று முக்கியமாக இருந்தது கடைப் பணிப்பெண் ஒருத்திதான். அவளை எடுத்துவிட்டு இலேன் என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த இலேன் இல்லாமல் இந்தத் தொடரை இன்று யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. ஜார்ஜ் லாயக்கில்லாதவன் என்றதும் சரி. அவனை மட்டும் மாற்றவில்லை. ஒன்பது வருடம் அவன் அப்படியே இருந்தான், அதற்காகவே ஜனங்கள் அவனை விரும்பினார்கள். ஆக, பார்த்தவர்கள் குறித்துக் கொடுத்த விவரங்கள் உண்மை. அதன் தலையில் ஒரே சொல்லை எழுதி ஃபைலை மூடியதில்தான் கோளாறு.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. புதிதாகச் சேருகிறவர்களைப் பற்றி ஆறு மாதத்தில் ரிப்போர்ட் எழுதுவது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. ஒரு பையன் வாயே திறக்க மாட்டான், எதையும் இரண்டு தடவை பார்ப்பான், சாயங்காலத்துக்குள் வேலை முடியாது. ‘திருப்தி இல்லை’ என்று எழுதினேன். அவன் பர்மனெண்ட் ஆவது ஆறு மாதம் தள்ளிப் போனது. பிற்காலத்தில் கணக்கு இடித்தால் எல்லோரும் அவனைத்தான் தேடிப் போவார்கள், நான் உட்பட. அந்த இரண்டு தடவை பார்க்கிற புத்திதான் காரணம். நான் எழுதியது அவனுக்குத் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை. என் பிரிவு உபசாரத்துக்கு மாலை வாங்கி வந்ததும் அவன்தான்.

ரிப்போர்ட்டே கூடாது என்று சொல்ல வரவில்லை. அதே என்.பி.சி. 2003-ல் ‘கப்ளிங்’ என்ற பிரிட்டிஷ் தொடரை அமெரிக்காவுக்குத் தகுந்த மாதிரி மாற்றி எடுத்தது. ‘ஃபிரெண்ட்ஸ்’ முடியப் போகிறது, அடுத்தது இதுதான் என்று ஏக விளம்பரம். அதே வசனத்தை இங்கிலாந்தில் பேசியபோது வந்த சிரிப்பு இங்கே வரவில்லை. நாலு எபிசோடுடன் நிறுத்திவிட்டார்கள். யாரும் அழவில்லை.

இங்கேயும் நாலு, அங்கேயும் நாலு!

சைன்ஃபெல்ட்டின் நாலு எபிசோடுகள் 1990 கோடையில் வந்தன. ஓரளவு பேர் பார்த்தார்கள், இன்னும் கொஞ்சம் எடுக்கச் சொன்னார்கள். ஆனாலும் 1993-ல் வியாழக்கிழமை இரவு ‘சியர்ஸ்’ தொடருக்குப் பின்னால் இடம் கிடைத்த பிறகுதான் கூட்டம் சேர்ந்தது.

எனக்கு அவ்வளவு காலம் ஆகவில்லை. மகன் விடாமல் தினம் ஒன்று போட்டான். 1991 மே மாதம் வந்த ‘சீன உணவகம்’ எபிசோடில் மாட்டிக்கொண்டேன். மூன்று பேர் ஓட்டலில் மேஜைக்குக் காத்திருக்கிறார்கள். முழு எபிசோடும் அதுதான். நமக்குப் பின்னால் வந்தவர்கள் உள்ளே போய் உட்காருகிறார்கள், பசி வயிற்றைக் கிள்ளுகிறது, கேட்டால் இதோ ஐந்து நிமிஷம் என்கிறான். கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றவனுக்கு இது புரியாதா? அவர்கள் வெறுத்துப்போய் வெளியேறியதும் பெயர் கூப்பிடுகிறார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம் கடைசி எபிசோடுக்கு வந்து சேர்ந்தோம். 1998 மே 14 அன்று சுமார் 7.6 கோடிப் பேர் பார்த்தது. ஒருவனிடம் வழிப்பறி நடப்பதை வேடிக்கை பார்த்ததற்காக நாலு பேரையும் ஜெயிலில் போடுகிறார்கள். அன்றைக்கே பெரும்பாலோர் ஏமாற்றம் என்று புலம்பினார்களாம். ஒன்பது வருடம் பழகியவர்களை இப்படியா அனுப்புவது என்று எனக்கும் மனசு கேட்கவில்லை.

“எப்படிப்பா இருந்தது?” என்றான் மகன்.

“பலவீனம்” என்றேன்.