பேரிடர் இடிபாடு அகற்றும் நிதி (இந்தியா)

புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு ஆகியவற்றுக்குப் பின் சாய்ந்த மரங்களையும் இடிந்த சுவர்களையும் படிந்த சேற்றையும் அப்புறப்படுத்த மத்திய, மாநில அரசுகள் செலவிடும் பணம். இந்தியாவில் இதற்கெனத் தனி நிதியம் கிடையாது. பேரிடர் நிவாரண நிதியின் பல இனங்களில் ஒன்றாகவே இது இருந்துவருகிறது.

இந்திய நிவாரண முறையின் வேர் பஞ்சத்தில் இருக்கிறது. 1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை தந்தபின் மாகாணங்கள் வகுத்த விதிகள் கூலி வேலையையும் கஞ்சியையும் வரி வஜாவையும் பற்றியவை. வறட்சியில் இடிபாடு சேர்வதில்லை. ஆளுக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்று வழங்குவதே நிவாரணம் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்ததற்கு இந்தப் பிறப்பும் ஒரு காரணம் எனலாம்.

விடுதலைக்குப் பின் நிதிக்குழுக்கள் இதற்கு வடிவம் தந்தன. ஒன்பதாவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி 1990-இல் மாநிலந்தோறும் பேரிடர் நிவாரண நிதி ஏற்பட்டது; நான்கில் மூன்று பங்கு மத்திய அரசுடையது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இல் வந்தது. அதன் வழியில் 2010 முதல் மாநில, தேசியப் பேரிடர் நிதிகள் இயங்குகின்றன.

செலவு விதிமுறையில் இடிபாட்டுக்கு உள்ள இடம் குறுகியது. பொது இடங்களை மட்டும், வேலை தொடங்கிய 30 நாளுக்குள், ஆகும் செலவுக்கேற்பத் துப்புரவாக்கலாம். தேவையை மாநிலச் செயற்குழு மதிப்பிடும். வயலில் மணலோ வண்டலோ 3 அங்குலத்துக்கு மேல் படிந்தால் அதை அகற்ற ஹெக்டேருக்கு ₹18,000 (2022-26 விதிமுறை). இடிந்த வீட்டுக்கு உதவி உண்டு. வாசலில் கிடக்கும் கல்லையும் மண்ணையும் அள்ளத் தனித்தொகை இல்லை. கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லாத குடும்பத்துக்கு இது பெரிய குறை.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் இந்தக் குறையைக் கண்முன் நிறுத்தியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளில் தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வேரோடு கிடந்தன. தண்டைத் துண்டுபோட ரம்பம் வேண்டும், தூரைக் கிளப்பப் பொக்லைன் வேண்டும், ஏற்றிப்போக டிராக்டர் வேண்டும். போட்டபடி விட்டாலோ மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, நிற்கும் மரங்களின் குருத்தையும் குடையும். தமிழக அரசு மரம் ஒன்றுக்கு இழப்பீடாக ₹600, வெட்டி அகற்ற ₹500 என இரண்டையும் பிரித்து அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் மொத்தம் ₹1,92,500. அதில் அகற்றும் செலவு மட்டும் ₹87,500. பல்லாண்டுப் பயிர் இழப்புக்கு அன்றைய மத்திய விதிமுறை தந்தது ஹெக்டேருக்கு ₹18,000தான். தென்னை விவசாயிக்கு அந்த ₹500 போதவில்லை என்றாலும், அகற்றுவதும் இழப்பின் பாகமே என்று அரசாணை ஏற்றது முக்கியமான முன்னுதாரணம்.

2021-26 காலத்துக்குப் பதினைந்தாவது நிதிக்குழு மாநிலப் பேரிடர் நிதிகளுக்கு ₹1,60,153 கோடி பரிந்துரைத்து, அதில் 30 விழுக்காட்டை மீட்புக்கும் மறுகட்டுமானத்துக்கும் பிரித்தது. மாதக்கணக்கில் நீளும் துப்புரவு வேலைக்கு, 30 நாள் வரம்பைவிட இந்தப் பிரிவே பொருத்தமான இடம்.