குறைசெலவு விளையாட்டுக் கணினி

குறைசெலவு விளையாட்டுக் கணினி என்பது, வரையறுத்த ஒரு தொகைக்குள் உதிரிப்பாகங்களைத் தனித்தனியே தெரிவு செய்து, நிகழ்பட விளையாட்டுகளை ஆடுவதற்காகத் தொகுக்கப்படும் மேசைக் கணினி ஆகும். இவ்வாறு தொகுப்பதைத் தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் அசெம்பிள் செய்தல் என்பர். மிக மலிவான கணினியைப் பெறுவது இதன் நோக்கமன்று. செலவிடும் தொகைக்குக் கூடிய பயனைப் பெறுவதே நோக்கமாகும். கணினியின் வேகத்தை அதன் மிக மெதுவான உறுப்பே கட்டுப்படுத்துகிறது. ஆகவே ஓர் உறுப்பில் மட்டும் மிகுதியாகச் செலவிடுதல் வீணாகும். உறுப்புகளுக்கிடையே சமநிலை காண்பதே இத்தொகுப்பின் அடிப்படைக் கொள்கை எனலாம். பல வீடுகளில் இதே கணினி கல்விக்கும் நிரலாக்கத்திற்கும் பயன்படுவதால், தவறான தெரிவு விளையாட்டை மட்டும் பாதிப்பதில்லை.

வரலாறு

1996இல் வெளிவந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டை, முப்பரிமாண விளையாட்டுகளைத் தனிநபர் கணினிகளில் பரவலாக்கியது. 1999இல் என்விடியா ஜீஃபோர்ஸ் 256 வெளிவந்தது. 2000களில் தமிழ்நாட்டு இளைஞர் பலர் பிரௌசிங் சென்டர் எனப்பட்ட இணைய மையங்களிலேயே கணினி விளையாட்டுகளை அறிந்தனர். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் மாணவர் கைகளில் கணினியைக் கொண்டு சேர்த்தது. எனினும் கல்விக்கென வழங்கப்பட்ட அக்கணினிகள் அதிக வரைவியல் திறன் வேண்டும் விளையாட்டுகளுக்கு உரியவை அல்ல.

2017இல் ஏஎம்டியின் ரைசன் செயலிகள் வெளிவந்தபின் இன்டெல் நிறுவனத்துடன் போட்டி வலுத்தது. குறைந்த விலையிலேயே நான்கு அல்லது ஆறு கருக்கள் கொண்ட செயலிகள் கிடைக்கத் தொடங்கின. மாறாக 2017-18 ஆண்டுகளிலும் 2020-22 ஆண்டுகளிலும் மறையீட்டு நாணய அகழ்வால் வரைவியல் அட்டைகளின் விலை பெரிதும் உயர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் வலையமைப்பு அகழ்வு முறையைக் கைவிட்ட பின்னர், அகழ்வில் உழைத்த அட்டைகள் பெருமளவில் பழைய பொருட் சந்தைக்கு வந்தன. 2025இன் இறுதியில் செயற்கை அறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கூர்மையாக ஏறியது.

உறுப்புகள்

வரைவியல் அட்டை

விளையாட்டின் காட்சிகளை வரைவது இதன் பணியாகும். ஒரு நொடியில் வரையப்படும் சட்டங்களின் எண்ணிக்கையே விளையாட்டின் சீரான ஓட்டத்தை முடிவு செய்கிறது. நொடிக்கு 60 சட்டங்கள் வேண்டுமாயின், ஒவ்வொரு சட்டமும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்குள் வரையப்பட வேண்டும். குறைசெலவுத் தொகுப்புகளில் 1920×1080 படப்புள்ளிகள் கொண்ட திரையே பொதுவான இலக்காகும்.

2021இல் வெளிவந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6600 அட்டை, 8 ஜிகாபைட் நினைவகமும் 132 வாட்டு மின்தேவையும் உடையது; இவ்வகைத் தொகுப்புகளில் பெரிதும் பயன்பட்டது. 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 அட்டையில் 12 ஜிகாபைட் நினைவகம் உண்டு. விலை குறைவு என்பதற்காக மட்டும் ஓர் அட்டையைத் தெரிவு செய்தல் கூடாது. சான்றாக, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு பிசிஐஇ தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால், மூன்றாம் தலைமுறைப் பிசிஐஇ கொண்ட பழைய தாய்ப்பலகைகளில் அதன் திறன் குறைகிறது.

செயலி

2022இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ3-12100எஃப் நான்கு கருக்களும், அதே ஆண்டில் வெளிவந்த ரைசன் 5 5600 ஆறு கருக்களும் கொண்டவை. இன்டெல் செயலியின் பெயரில் இறுதியாக வரும் எஃப் என்னும் எழுத்து, அதில் உள்ளமை வரைவியல் இல்லை என்பதைக் குறிக்கும். ரைசன் 5 5600 செயலியிலும் அது இல்லை. இத்தகைய செயலியை வாங்கி, வரைவியல் அட்டையைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம் எனக் கருதுவோரின் திரையில் எதுவும் தோன்றாது. படிப்படியாக வாங்க எண்ணுவோர்க்கு ரைசன் 5 5600ஜி போன்ற உள்ளமை வரைவியல் கொண்ட செயலி ஏற்றது. அதனுடன் ஒரே 16 ஜிகாபைட் நினைவகத்திற்கு மாற்றாக இரண்டு 8 ஜிகாபைட் நினைவகங்களைப் பொருத்தினால் விளையாட்டு வேகம் தெளிவாக உயரும்.

தாய்ப்பலகையும் நினைவகமும்

தாய்ப்பலகையின் பொருத்துவாய் செயலிக்கு ஒத்ததாக இருத்தல் வேண்டும். அது மட்டும் போதாது. 2018இல் வந்த பி450 வகைப் பலகைகள் ரைசன் 5000 வரிசைச் செயலிகளை ஏற்பதற்குப் பயாஸ் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். இன்டெல்லின் எச்610 வகைப் பலகைகளில் டிடிஆர்4 ஏற்பவை, டிடிஆர்5 ஏற்பவை என இருவகை உண்டு. ஒன்றின் நினைவகம் மற்றொன்றில் பொருந்தாது.

மின்வழங்கி

பேச்சு வழக்கில் எஸ்எம்பிஎஸ் எனப்படும் இவ்வுறுப்பு விளையாட்டின் வேகத்தைக் கூட்டுவதில்லை. ஆகையால் பலர் இதிலேயே சிக்கனம் காண்கின்றனர். தரமற்ற மின்வழங்கி பழுதாகும்போது, தாய்ப்பலகையையும் வரைவியல் அட்டையையும் சேர்த்தே கெடுக்கக்கூடும். சில நூறு ரூபாய் மிச்சத்திற்காகப் பல ஆயிரம் ரூபாய் இழக்க நேர்வது இவ்விடத்திலேயே ஆகும். 2004இல் தொடங்கிய 80 பிளஸ் சான்று மின்வழங்கியின் செயற்றிறனை மட்டுமே காட்டும். உத்தரவாதக் காலத்தையும் காண வேண்டும். மேற்கூறிய செயலிகளுடன் ஆர்எக்ஸ் 6600 அட்டையைப் பொருத்தும் கணினிக்கு 450 முதல் 550 வாட்டு வரையிலான நல்ல மின்வழங்கி போதுமானது.

செலவுப் பங்கீடு

திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவை நீங்கலாக 50,000 ரூபாய் ஒதுக்கப்பட்டது எனக் கொண்டால், பங்கீடு பின்வருமாறு அமையலாம். சந்தை விலைக்கேற்ப இது மாறும்.

* வரைவியல் அட்டை - 20,000 ரூபாய் (40%)
* செயலி - 9,000 ரூபாய் (18%)
* நினைவகமும் திண்மநிலை வட்டும் - 8,500 ரூபாய் (17%)
* தாய்ப்பலகை - 6,500 ரூபாய் (13%)
* மின்வழங்கி - 3,500 ரூபாய் (7%)
* கணினிப் பெட்டி - 2,500 ரூபாய் (5%)

நினைவக விலை ஏறிய காலங்களில் மின்வழங்கியின் பங்கைக் குறைப்பது தவறு. வரைவியல் அட்டையில் ஒரு படி இறங்குவதே தக்கது. அட்டையைப் பின்னர் மாற்றிக்கொள்ள இயலும். கணினி உதிரிப்பாகங்களுக்கு இந்தியாவில் 18% சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. மேற்கண்ட 50,000 ரூபாயில் ஏறத்தாழ 7,627 ரூபாய் வரியாகும். வரியைத் தவிர்க்கலாம் எனக் கூறி விலைச்சீட்டு இன்றி விற்கப்படும் பொருளுக்குப் பின்னர் உத்தரவாதம் கோருவது கடினம்.

தமிழ்நாட்டில் வாங்குதல்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, தமிழ்நாட்டின் புகழ்பெற்ற மின்னணுப் பொருட் சந்தையாகும். பெங்களூரின் எஸ்.பி. சாலையும் இத்தகையதே. தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்திலுள்ள பொம்மிடி, சேலம் - சோலையார்பேட்டை தொடருந்துப் பாதையில் அமைந்த ஊராகும். இங்கிருந்து சோலையார்பேட்டை வழியாக இவ்விரு நகரங்களுக்கும் தொடருந்தில் செல்லலாம். எதிர்த்திசையில் சேலம் உள்ளது.

பெருநகரில் வாழ்பவர் பொருந்தாத ஒரு நினைவகத்தை மறுநாளே மாற்றிக்கொள்வார். பொம்மிடி போன்ற ஊரில் வாழ்பவர்க்கு அதே தவறு, மற்றொரு பயணச் செலவும் ஒரு நாள் இழப்பும் ஆகும். எனவே சிற்றூர்களில் வாழ்வோர்க்கு விலை வேறுபாட்டைவிடப் பொருத்தப்பாடே முதன்மையானது. வாங்குமுன் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் நன்று:

* தாய்ப்பலகையின் பயாஸ் பதிப்பு அச்செயலியை ஏற்குமா?
* வரைவியல் அட்டையின் நீளம் பெட்டிக்குள் அடங்குமா?
* மின்வழங்கியில் அட்டைக்குரிய மின்னிணைப்பி உள்ளதா?
* உத்தரவாதச் சேவை மையம் எந்நகரில் உள்ளது? பழுதான பொருளை அஞ்சலில் அனுப்பலாமா?

இணையவழியில் வாங்கும்போதும் இவை பொருந்தும். 2020 சூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். கடை வேறு நகரில் இருப்பது இதற்குத் தடையன்று.

பயன்படுத்திய பாகங்கள்

பயன்படுத்திய செயலி பெரும்பாலும் நம்பத்தக்கது. வரைவியல் அட்டையை விளையாட்டு ஒன்றைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்த பின்னரே வாங்க வேண்டும். ஆர்எக்ஸ் 580 அட்டையில் 2,304 வரைவியல் கருக்கள் உண்டு. 2018இல் வந்த ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி அட்டையில் 2,048 மட்டுமே. இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவதுண்டு. ஜிபியூ-இசட் என்னும் இலவச மென்பொருளால் இதனைக் கண்டறியலாம். பழைய அலுவலகக் கணினிகளை வாங்குவோர், 2025 அக்டோபர் 14 அன்று விண்டோசு 10 இயங்குதளத்திற்கான ஆதரவு முடிவுற்றதையும், எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் செயலிகளை விண்டோசு 11 முறைப்படி ஏற்காததையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

மின்சாரமும் வெப்பமும்

விளையாடும்போது திரையுடன் சேர்த்து 300 வாட்டு ஈர்க்கும் கணினி, நாளொன்றுக்கு 3 மணி நேரம் இயங்கினால் 0.9 அலகு மின்சாரம் செலவாகும். இரு மாதங்களில் இது 54 அலகாகும். மின்தடை மிகுந்த இடங்களில் யுபிஎஸ் தேவைப்படும். ஆயினும் 600 விஏ எனக் குறிக்கப்படுபவை பெரும்பாலும் ஏறத்தாழ 360 வாட்டு மட்டுமே தாங்கும் என்பதால், அவை கணினியை முறையாக அணைப்பதற்கான சில மணித்துளிகளையே தரும். எர்த் எனப்படும் நிலத்தொடுப்பு சுவர் மின்வாயில் சரியாக உள்ளதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

அறையின் வெப்பம் ஏறும் அளவிற்கு உறுப்புகளின் வெப்பமும் ஏறும். ஆதலால் கண்ணாடியால் மூடிய அழகிய பெட்டியைவிட, முன்புறம் வலை கொண்டதும் இரு விசிறிகள் உடையதுமான எளிய பெட்டியே தமிழ்நாட்டுக் கோடைக்கு ஏற்றது.

இயங்குதளம்

விண்டோசு உரிமத்தின் விலையையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். கட்டணமற்ற லினக்சு இயங்குதளத்தில், 2018இல் வால்வு நிறுவனம் வெளியிட்ட புரோட்டான் மென்பொருளின் துணையால் விண்டோசுக்கான பல விளையாட்டுகள் இயங்குகின்றன. வாலரன்ட் போன்று ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கொண்ட சில விளையாட்டுகள் அதில் இயங்குவதில்லை. எனவே எந்த விளையாட்டை ஆட விரும்புகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, பின்னரே உறுப்புகளையும் இயங்குதளத்தையும் தெரிவு செய்தல் சிறந்தது.

இவற்றையும் பார்க்க

* வரைவியல் அட்டை
* தாய்ப்பலகை
* ரிச்சி தெரு
* பொம்மிடி