கோயிலிலிருந்து கல்விக்கூடத்திற்கு: நாராயண குருவின் அறவாழ்வு

துறவியர் வரலாற்றைப் படிக்கும்போது நாம் பெரும்பாலும் அவர்கள் செய்த அற்புதங்களைத் தேடுகிறோம். நீரின்மேல் நடந்தாரா, நோயைத் தீர்த்தாரா, வருவதை உரைத்தாரா என்று கேட்கிறோம். ஆனால், தீண்டாமைக் கொடுமையில் பல தலைமுறைகளாக நைந்துபோன மக்களாகிய நாம் ஒரு ஞானியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவர் பெற்ற ஞானத்தால் தெருவில் நடக்கும் உரிமை யாருக்குக் கிடைத்தது? எத்தனை பிள்ளைகள் கையில் சிலேட்டு ஏறியது? இக்கேள்விகளுக்கு நேர்நின்று விடை தரத்தக்க துறவியர் சிலரே. அச்சிலருள் தலையாயவர் கேரளத்தின் நாராயண குரு. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அயல் மாநிலத்து ஞானி ஒருவரின் வரலாற்றை எழுத முற்படுவதற்குக் காரணமும் இதுவே.

பிறப்பும் இளமையும்

திருவனந்தபுரத்துக்கு அருகில் உள்ள செம்பழந்தி என்னும் சிற்றூரில், மாடன் ஆசான், குட்டியம்மாள் என்போருக்கு 1856ஆம் ஆண்டில் மகனாகப் பிறந்தார் குரு. நாணு என்பது அவருடைய இளமைப் பெயர். தந்தையார் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசான். தாய்மாமன் மருத்துவம் அறிந்தவர். குடும்பம் ஈழவர் குலத்தைச் சேர்ந்தது.

அக்காலத் திருவிதாங்கூரில் ஈழவர் தீண்டத்தகாதாராகவே நடத்தப்பட்டனர். கோயிலுக்குள் நுழையக்கூடாது, கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கக்கூடாது, அரசுப் பள்ளியிலும் அலுவலகத்திலும் இடமில்லை. அவர்களுக்கும் கீழே புலையரும் பறையரும் வைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் வயலோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகளாக இருந்தவர்கள். அடிமை முறையைத் திருவிதாங்கூர் அரசு 1855இல் சட்டப்படி ஒழித்தது. ஆயினும் வழக்கம் அவ்வளவு எளிதில் ஒழிந்துவிடவில்லை. குரு பிறந்த உலகம் இதுதான்.

இத்தகைய சூழலிலும் நாணுவுக்குக் கல்வி வாய்த்தது. காயங்குளத்தை அடுத்த புதுப்பள்ளியில், கும்மம்பள்ளி ராமன் பிள்ளை ஆசானிடம் வடமொழி இலக்கியமும் இலக்கணமும் கற்றார். ஊர் திரும்பியதும் சிறுவர்களைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லத் தொடங்கினார். ஊரார் அவரை ‘நாணு ஆசான்’ என்று அழைத்தனர். உலகம் குரு என்று போற்றுவதற்கு முன்பே அவர் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தார் என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும்.

தேடி அலைந்த ஆண்டுகள்

உறவினர் அவருக்கு மணம் முடித்து வைத்தனர். எனினும் இல்லறத்தில் அவர் உள்ளம் தரிக்கவில்லை. சட்டம்பி சுவாமிகளின் நட்பு கிடைத்தது. சட்டம்பி சுவாமிகள் நாயர் குலத்தில் பிறந்தவர். சாதி வேற்றுமை இவ்விருவர் நட்பை எள்ளளவும் தடுக்கவில்லை. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த தைக்காடு அய்யாவு என்னும் தமிழரிடம் இருவரும் யோகம் பயின்றனர். நாராயண குருவின் ஆன்மிக வாழ்வில் தமிழ் கலந்த வழி இதுவாகும். சைவத் திருமுறைகளிலும் திருக்குறளிலும் அவருக்கு ஆழ்ந்த பயிற்சி இருந்தது. திருக்குறளின் சில அதிகாரங்களை மலையாளத்தில் பெயர்த்தார். தமிழிலேயே தேவாரப் பதிகங்களும் பாடினார்.

பின்னர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மருந்துவாழ்மலைக்குச் சென்று, பிள்ளைத்தடம் என்னும் குகையில் தவம் இயற்றினார். மலையிலிருந்து இறங்கிய காலங்களில் கடலோரச் சிற்றூர்களிலும் வறியோர் குடிசைகளிலும் திரிந்தார், கொடுத்ததை உண்டார், கிடைத்த இடத்தில் உறங்கினார். குகையில் கிடைத்தது தன்னறிவு என்றால், குடிசையில் கிடைத்தது மக்களறிவு எனலாம். இரண்டும் சேர்ந்ததால்தான் அவர் தவம் குகையோடு முடிந்துவிடவில்லை.

அருவிப்புறத்துக் கல்

1888ஆம் ஆண்டு. நெய்யாற்றங்கரையில் அருவிப்புறம் என்னும் இடம். மகா சிவராத்திரி நள்ளிரவில் குரு ஆற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்து, பாறையின்மேல் சிவலிங்கமாக நிறுவினார். கூடியிருந்தோர் கண்ணீர் மல்க நின்றனர். ஒரு கல்லை எடுத்து வைப்பதில் என்ன புரட்சி என்று இக்கால இளைஞர் கேட்கலாம். தெய்வத்தை நிறுவும் உரிமை பிராமணர்க்கு மட்டுமே உரியது என்று நூற்றாண்டுகளாகச் சட்டம் வகுத்திருந்த நாட்டில், பூணூல் இல்லாத ஒருவர் தம் கையால் தெய்வத்தை நிறுவினார். இவ்வதிகாரம் எங்கிருந்து வந்தது என்று வினவியோர்க்கு, தாம் நிறுவியது ஈழவரின் சிவனைத்தானே என்னும் பொருள்பட அவர் அமைதியாக விடையிறுத்தார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அவ்விடையில் சினமில்லை, ஆயினும் கேட்டவர் வாய் அடைத்துப்போயிற்று. சாதிப் பிரிவோ மதப் பகையோ இன்றி யாவரும் உடன்பிறந்தாராய் வாழும் முன்மாதிரி இடம் இது என்னும் கருத்தை அங்கே எழுதியும் வைத்தார்.

அதன்பின் பல ஊர்களில் அவர் கோயில்களை நிறுவினார். கள்ளும் ஊனும் படைத்து வழிபட்டு வந்த சிறு தெய்வங்களின் இடத்தில் சிவனையும் முருகனையும் நிறுவினார். நம் முன்னோர் வணங்கிய தெய்வங்களை அகற்றி உயர்ந்தோர் தெய்வங்களை வைத்தது முறையா என்று நம்முள் சிலர் வினவுவர். வினா நேர்மையானதே. ஆனால் குருவின் பயணம் அங்கே நின்றுவிடவில்லை என்பதை நோக்கினால் விடை தானே புலப்படும்.

கோயிலைக் கடந்து கல்விக்கு

டாக்டர் பல்பு என்னும் ஈழவர் மருத்துவக் கல்வி பெற்றிருந்தும், திருவிதாங்கூர் அரசு சாதியைக் காரணமாக்கி அவருக்கு வேலை தர மறுத்தது. அவர் மைசூர் சென்று பணியாற்றினார். 1896இல் 13,176 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை அவர் அரசனிடம் அளித்தார். பள்ளியும் அரசுப் பணியும் தம் மக்களுக்குத் திறக்கப்பட வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். பல்புவின் முயற்சியும் குருவின் அருளாற்றலும் கவிஞர் குமாரன் ஆசானின் உழைப்பும் ஒன்றுகூடி 1903இல் ஸ்ரீ நாராயண தரும பரிபாலன யோகம் தோன்றியது. குரு தலைவர், ஆசான் முதற் செயலாளர்.

குரு வர்க்கலைக்கு அருகில் சிவகிரியில் தங்கினார். 1912இல் அங்கே அவர் நிறுவிய தெய்வம் கலைமகளாகிய சாரதை. வேறு எத்தெய்வத்தையும் விட்டுக் கல்வித் தெய்வத்தைத் தம் இருப்பிடத்துக்கு அவர் தேர்ந்துகொண்டது தற்செயல் அன்று. ஆலுவாயில் அத்வைத ஆசிரமம் அமைத்து வடமொழிப் பள்ளி நடத்தினார். வேதம் ஒலித்தால் காதில் ஈயம் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்று எவரைப் பற்றி நூல்கள் விதித்தனவோ, அவர்தம் பிள்ளைகள் அங்கே வேதாந்தம் பயின்றனர். 1917ஆம் ஆண்டளவில், இனிக் கோயில்கள் கட்டியது போதும், கல்விக்கூடமே தலைமைக் கோயிலாக வேண்டும் என்று அவர் அறிவித்துவிட்டார். வீண் சடங்குகளில் பொருளைக் கொட்டுவதையும் கண்டித்தார். தாலிகட்டுக் கல்யாணம் போன்ற ஆடம்பரச் சடங்குகளை ஒழித்து, சிலர் கூடி எளிமையாக மணம் முடிக்கும் முறையை வகுத்தார். கள் இறக்குதலைத் தொழிலாகக் கொண்ட தம் மக்களிடமே மது நஞ்சு என்று கூறினார். தம்மைப் பின்பற்றுவோர் முகம் சுளிப்பார்களே என்று அஞ்சி அவர் உண்மையை மறைத்ததில்லை.

தம் சங்கத்தையே துறந்த துறவி

இனி நாம் கூறப்போவது குருவின் வாழ்வில் மிக நுண்ணிய இடமாகும். தாழ்த்தப்பட்டவன் எழும்போது தனக்குக் கீழே உள்ளவனையும் கைகொடுத்துத் தூக்குகிறானா, அன்றி அவன் தோளில் கால் வைத்து ஏறுகிறானா? சாதி என்னும் ஏணியின் சூழ்ச்சி இங்கேதான் ஒளிந்துள்ளது.

ஈழவர் எழுச்சியைக் கண்ட வெங்ஙானூர் அய்யங்காளி, 1907இல் சாது சன பரிபாலன சங்கத்தை நிறுவினார். புலையர் குலத்தில் 1863இல் பிறந்த அப்பெருமகன், தடைசெய்யப்பட்ட பொதுச்சாலையில் 1893இல் வில்வண்டி ஓட்டிச் சென்றவர். தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தால் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்ய வைத்தவர். பஞ்சமி என்னும் சிறுமியை அவர் ஊருட்டம்பலம் பள்ளியில் சேர்க்கச் சென்றபோது கலகம் மூண்டது, பள்ளி தீக்கிரையாயிற்று. அப்பள்ளியில் எரிந்து எஞ்சிய பெஞ்சு இன்றும் நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது.

இக்காலத்தில் ஈழவருள்ளும் பலர் புலையரைத் தீண்டாமலே இருந்தனர். தம் பெயரால் அமைந்த சங்கம் ஒரு சாதியின் பெருமையை வளர்க்கும் கருவியாகி வருவதை உணர்ந்த குரு, 1916இல் டாக்டர் பல்புவுக்குக் கடிதம் எழுதித் தமக்கும் சங்கத்துக்கும் தொடர்பில்லை எனத் தெரிவித்தார். அதே ஆண்டில், தாம் எந்தச் சாதியையும் மதத்தையும் சேர்ந்தவரல்லர் என்று உலகறிய அறிவித்தார். வீட்டைத் துறந்தோர் பலர். தம்மை வணங்கிய கூட்டத்தின் சாதிப்பற்றைத் துறந்தோர் எத்தனை பேர்?

மறு ஆண்டு, 1917இல், அவர்தம் மாணவர் சகோதரன் அய்யப்பன் செறாயி என்னும் ஊரில் ஈழவரும் புலையரும் உடனிருந்து உண்ணும் சமபந்தி விருந்து நடத்தினார். சொந்தச் சாதியார் அவரை விலக்கி வைத்தனர். ‘புலையன் அய்யப்பன்’ என்று ஏசினர். அவர் அப்பெயரைப் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார். குருவோ அவரைக் கைவிடவில்லை. பொறுமையோடு முன்செல்லுமாறு ஊக்கினார். சாதி கலந்த மணத்தாலும் உணவாலும் எவ்விதத் தவறும் இல்லை என்று தம் கைப்படவே எழுதிக் கொடுத்தார்.

வைக்கமும் சிவகிரியும்

1916இல் குரு திருவண்ணாமலைக்குச் சென்று இரமண மகரிசியைக் கண்டார். 1918லும் 1926லும் இலங்கைக்குச் சென்றார். 1922 நவம்பரில் கவி தாகூர் சிவகிரிக்கு வந்து அவரைக் கண்டார். 1924இல் ஆலுவாயில் சர்வமத மாநாட்டைக் கூட்டினார். வாதிட்டு வெல்வதற்காக அன்று, அறியவும் அறிவிக்கவுமே கூடுகிறோம் என்பதே அம்மாநாட்டின் கொள்கையாக அறிவிக்கப்பட்டது.

அதே 1924 மார்ச் 30 அன்று வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக முதல் நாள் முன்சென்ற மூவருள் ஒருவர் புலையர், ஒருவர் ஈழவர், ஒருவர் நாயர். தமிழகத்திலிருந்து பெரியார் ஈ. வெ. ராமசாமி சென்று தலைமையேற்றுச் சிறைப்பட்டதை நாம் அறிவோம். குரு தம் வெள்ளூர் மடத்தைப் போராட்டத் தொண்டர்களுக்கு ஒப்படைத்தார்; பொருளும் உதவினார்.

1925 மார்ச்சில் காந்தியடிகள் சிவகிரிக்கு வந்தார். ஒரே மரத்தின் இலைகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. மாந்தருள்ளும் வேற்றுமை இயல்பன்றோ என்னும் கருத்தை அவர் கூறினாராம். இலைகள் உருவில் வேறுபட்டாலும் அவற்றைக் கசக்கிச் சுவைத்தால் சாறு ஒன்றுதானே என்று குரு விளக்கினாராம். சிவகிரியில் தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் மற்றவரோடு ஒருங்கே தங்கி வழிபாட்டுப் பாடல்களை ஓதுவதையும் காந்தியடிகள் கண்டார். சொல்லினும் அக்காட்சியே வலிய வாதம் அன்றோ?

கண்ணாடியில் முடிந்த பயணம்

குரு நிறுவிய தெய்வ வடிவங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவர் பயணம் தெளிவாகும். முதலில் கல், பின்னர்க் கலைமகள், காரமுக்கில் விளக்கு, முருக்கும்புழையில் உண்மை, அறம், அருள் முதலிய சொற்கள். இறுதியாக, 1927இல் களவங்கோட்டில் ஒரு கண்ணாடி. கருவறையை நோக்கிக் கைகூப்பியவன் அங்கே தன்னையே கண்டான். இவன் தீண்டத்தகாதவன் என்று ஊரார் ஒதுக்கிய அதே முகம் கருவறையிலிருந்து அவனை நோக்கியது. முன்னர் நாம் குறிப்பிட்ட வினாவுக்கு இதுவே விடை. உயர்ந்தோர் தெய்வத்தைக் கடன் வாங்குவது அவர் நோக்கமன்று. வழிபடுவோனையே உயர்த்துவது அவர் நோக்கம்.

1928 சனவரியில், சிவகிரிக்கு ஆண்டுதோறும் யாத்திரை செல்ல அவரிடம் இசைவு கேட்டனர். அவர் எட்டு நோக்கங்களை வகுத்தளித்தார். கல்வி, தூய்மை, இறைப்பற்று, அமைப்பு, வேளாண்மை, வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி என்பன அவை. எட்டனுள் முதலில் நிற்பது கல்வி. அவ்வாண்டு செப்டம்பர் 20 அன்று சிவகிரியில் குரு மறைந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1936 நவம்பர் 12 அன்று, திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. 1948இல் கொல்லத்தில் அவர் பெயரால் கல்லூரியும், 2020இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் எழுந்தன.

நாம் கொள்ள வேண்டுவது

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டுவன இரண்டு. முதலாவது, கல்விக்காகக் கொடுக்கும் பொருள் கோயிலுக்குக் கொடுக்கும் பொருளினும் குறைந்ததன்று. திருவிழாவுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் கடன் வாங்கும் கை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தயங்குமாயின் குருவின் பெயரை உச்சரித்துப் பயனில்லை.

இரண்டாவது அதனினும் கடினமானது. நம்முள்ளும் உட்பிரிவுகள் உள்ளன. பெண் கொடுக்கவும் எடுக்கவும் நம்மிலேயே ஒருவரை ஒருவர் விலக்குவோர் உளர். நமக்கும் கீழே என்று நாம் கருதும் தெருவின் பிள்ளை நம் விடுதியில், நம் பந்தியில், நம் சங்க உறுப்பினர் பட்டியலில் உண்டா? இவ்வினாவுக்கு நம் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் தன் கணக்கேட்டோடு சேர்த்து விடை எழுதிவருமாயின், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளும் பயனுடையனவாக அமையும். ஒரு சாதிக்கு மட்டும் என்று சுருங்கியபோது தம் சொந்தச் சங்கத்தையே விட்டு விலகினார் நாராயண குரு. அத்தகைய ஞானி வந்து பார்த்தாலும் விலகிச் செல்லாதபடி நம் சங்கத்தை நடத்துவதே நம் கடமையாகும்.