எருக்குழியின் கணக்கு

கோவளத்தைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகளில் கோட்டை இருக்கிறது, கப்பல் இருக்கிறது, பீரங்கி இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்டு கம்பெனிக்காரர்கள் இங்கே வணிகம் செய்தார்கள். பிறகு நவாபின் கோட்டை எழுந்தது, பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1752-ல் கிளைவ் அதைப் பிடித்துத் தகர்த்தார். 1808-ல் ஜான் டிமாண்டி கார்மேல் மாதா கோயிலைக் கட்டினார். கோட்டை இருந்த இடத்தில் 1974-ல் நட்சத்திர விடுதி வந்தது. 2021-ல் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. இந்த வரிசையில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை.

ஆனால் கோட்டையிலும் மனிதர்கள் சாப்பிட்டிருப்பார்கள். விடுதியிலும் சாப்பிடுகிறார்கள். சாப்பாடு மிஞ்சும். மிஞ்சியதை யாரோ அள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த 'யாரோ' பெரும்பாலும் பெண்தான். இந்த ஊரின் வரலாற்றை வாசல் வழியாக அல்லாமல் கொல்லைப்புறத்து வழியாகப் படித்தால் என்ன தெரியும் என்பதுதான் என் கேள்வி.

உணவுக் கழிவைச் சேகரிப்பதை ஒரு நவீனத் தொழிலாக இன்று பேசுகிறார்கள். வண்டி, ஒப்பந்தம், மாதக் கட்டணம், உரமாக்கும் இயந்திரம் எல்லாம் வந்துவிட்டன. அதற்கு முன்பே எங்கள் பக்கத்தில் கழுநீர்ப் பானை இருந்தது. அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், மிஞ்சிய சோறு எல்லாம் அதில் சேரும். மாடு வைத்திருக்கும் வீட்டுப் பெண் சாயங்காலம் வாளியோடு வந்து எடுத்துக்கொண்டு போவாள். மாடு கன்று போட்டால் கழுநீர் கொடுத்த வீடுகளுக்குச் சீம்பால் வரும். கொடுத்தவளும் பெண், எடுத்தவளும் பெண், கணக்கு வைத்ததும் பெண். மாடு தின்னாதது எருக்குழிக்குப் போனது. அந்த எருவைக் கூடையில் சுமந்து வயலில் கொட்டியதும் பெண்தான். ஆனால் வயலுக்குப் பட்டா ஆணின் பெயரில் இருந்தது.

இதைப் பொற்காலமாக நான் சொல்லவில்லை. கழுநீர்ப் பானைக்கும் சாதி இருந்தது. யார் வீட்டுக் கழுநீரை யார் தொடலாம், யார் எந்த வாசலில் நிற்கலாம் என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது. கல்யாண வீட்டு எச்சில் இலையை எடுக்கும் வேலை எந்தத் தெருப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கழிவு மட்கி எருவானால் அதற்கு விலை உண்டு. அதைத் தொட்டவளின் மேல் ஒட்டிய தீட்டு மட்டும் மட்கவே இல்லை.

உரமாக்கலின் உலக வரலாற்றையும் இப்படிக் கொல்லைப்புறத்திலிருந்து படிக்கலாம். நவீன உரக்குவியலின் தந்தை என்று ஆல்பர்ட் ஹோவர்டைப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. 1924-ல் தொடங்கிய இந்தூர் ஆய்வு நிலையத்தில் உருவான முறை என்பதால் அதற்கு 'இந்தூர் முறை' என்று பெயர். இலைதழை, சாணம், மூத்திரம் ஊறிய மண் இவற்றை அடுக்கி, ஈரம் பார்த்து, காற்றுப் பட அவ்வப்போது புரட்டிப்போடும் முறை அது. ஆல்பர்டோடு கால் நூற்றாண்டு உழைத்தவர் அவர் மனைவி கேப்ரியல். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் படித்த தாவரவியலாளர். ஒளிச்சேர்க்கை பற்றிய ஆய்வுகளில் திருமணத்துக்கு முன்பே பெயர் பெற்றவர். 1913-ல் இந்திய அரசின் இரண்டாம் பொருளாதாரத் தாவரவியலாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. 1930-ல் அவர் இறந்தார். இந்தூர் முறையை உலகுக்குச் சொன்ன புத்தகம் 1931-ல் ஆல்பர்ட், யஷ்வந்த் வாட் இருவர் பெயரிலும் வெளியானது. இந்திய விவசாயிகளைத் தன் ஆசிரியர்கள் என்று ஆல்பர்ட் சொல்லியிருக்கிறார். விவசாயி என்றதும் நம் கண்முன் வருவது ஏர் பிடித்த ஆண். அந்தக் குவியலுக்கான சாணத்தை வழித்து, கூடையில் சுமந்து வந்தவள் அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோனாள்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். சென்னையில் 1989-ல் எம்.பி. நிர்மல் எக்ஸ்னோராவைத் தொடங்கினார். தெருத்தெருவாக மூன்று சக்கர வண்டியில் குப்பை எடுக்கும் பழக்கம் அதனால் பரவியது. 1994-ல் பம்மல் சங்கரா நகரில் மங்களம் பாலசுப்ரமணியனும் அவரோடு சேர்ந்த பெண்களும் மகளிர் மன்றமாகத் திரண்டு இந்த வேலையில் இறங்கினார்கள். அப்போது பம்மல் நகரமும் அல்ல, கிராமமும் அல்ல. குப்பை எடுக்க முறையான ஏற்பாடு இல்லாத புறநகர். அந்தப் பெண்கள் வீடுவீடாகப் போய், மட்கும் குப்பையையும் மட்காத குப்பையையும் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்டார்கள். மாதச் சந்தா வசூலித்தார்கள். மண்புழு உரம் தயாரித்து விற்றார்கள். 'எக்ஸ்னோரா கிரீன் பம்மல்' அதிலிருந்து வளர்ந்தது. குப்பை எடுப்பதை வணிகமாக நடத்த முடியும் என்று இந்தப் பகுதியில் முதலில் காட்டியவர்களில், சம்பளத்துக்குப் போகாதவர்கள் என்று ஊர் சொன்ன பெண்கள் இருந்தார்கள்.

அதே பத்தாண்டில், 1996-ல், அல்மித்ரா படேல் குப்பைக்காக உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கின் விளைவாக 2000-ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. அவை நகராட்சி எல்லையோடு நின்றுவிட்டன. கோவளம் போன்ற ஊராட்சிகள் வெளியே இருந்தன. ஆனால் அப்போதுதான் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, விடுதிகளும் உணவகங்களும் வரிசைகட்டி வந்தன. ஊராட்சியின் வருமானம் ஊராட்சி அளவு, குப்பை நகர அளவு. மாமல்லபுரத்தில் 'ஹேண்ட் இன் ஹேண்ட்' தொண்டு நிறுவனம் வீட்டுக்கு வீடு குப்பை சேகரித்து, உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனையும் அமைத்தது. விடுதிச் சமையலறைக் கழிவு பணமதிப்புள்ள பொருள் என்பது கடற்கரைக்குத் தெரிந்தது.

2016 விதிகள் நகராட்சி எல்லையைத் தாண்டி வந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் நிறுவனம் 'பெருமளவுக் கழிவு உற்பத்தியாளர்' ஆனது. விடுதிகளும் உணவகங்களும் கழிவைப் பிரிக்க வேண்டும், இயன்றவரை தம் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று அந்த விதிகள் கூறின.

விதி சொல்வதற்கும் குவியல் கேட்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு பெண்ணின் கை. விடுதிக் கழிவை உரமாக்குவது வீட்டுக் கழிவை உரமாக்குவதைப் போல எளிதல்ல. அதில் தண்ணீர் அதிகம், எண்ணெய் அதிகம், உப்பு அதிகம். நேராகப் போட்டால் மண்புழு செத்துவிடும். முதலில் காய்ந்த இலையோ தென்னைநார்த் தூளோ கலந்து ஈரத்தை இழுக்க வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறக்குறைய முப்பது பங்கு கரிமம் இருந்தால் குவியல் சரியாகச் சூடேறும். 55 டிகிரியைத் தாண்டி சில நாள் நின்றால் நோய்க்கிருமிகள் சாகும். புரட்டிக் காற்றுக் கொடுக்காவிட்டால் நாற்றமெடுத்து மீத்தேன் வெளியேறும். அது நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் வெப்பம் கூட்டுவது. சூடு தணிந்த பிறகுதான் புழுவை விட வேண்டும். இதெல்லாம் கைப்பக்குவம். கையை விட்டுப் பார்த்தே ஈரம் சொல்லும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. இதைத் தொழில்நுட்பம் என்று எந்தச் சம்பளப் பட்டியலும் சொல்வதில்லை.

அதே கைதான் பிரிக்காமல் வரும் பையைத் திறக்கிறது. மீன் முள், உடைந்த பாட்டில், சானிட்டரி நாப்கின் எல்லாம் சோற்றோடு வரும். தன் மாதவிடாயை யாருக்கும் தெரியாமல் சுற்றி எறியச் சொல்லி வளர்க்கப்படுகிறாள் ஒரு பெண். அந்தப் பொட்டலத்தை இன்னொரு பெண் வெறுங்கையால் பிரித்தெடுக்கிறாள். பெண்ணுடல் பற்றிய வெட்கமும் சாதியும் சந்திக்கும் இடம் அந்தக் குப்பைக் கொட்டகை.

ஊராட்சிகளில் இந்த வேலையைச் செய்பவர்களுக்குத் தூய்மைக் காவலர் என்று பெயர். நூறு நாள் வேலைத் திட்டத்தின் கீழ் தொடங்கிய ஏற்பாடு. பெரும்பாலோர் பெண்கள். மாதம் 3,600 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது. அதைக்கூடப் பல நேரம் மதிப்பூதியம் என்றே சொல்கிறார்கள். ஊதியம் என்றால் உரிமை, மதிப்பூதியம் என்றால் கொடுப்பவரின் பெருந்தன்மை. தாய்போல ஊரைச் சுத்தம் செய்கிறாள் என்ற பாராட்டும் இந்தக் கணக்கில்தான் சேரும். தாய்க்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை அல்லவா?

வேறு வழி இருக்கிறது என்பதற்குப் புனே சாட்சி. 1993-ல் அங்கே குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், தொழிற்சங்கம் அமைத்தார்கள். அதிலிருந்து பின்னர் 'ஸ்வச்' கூட்டுறவு பிறந்தது. மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, வீடுகளிடம் நேரடியாகக் கட்டணம் வாங்குகிறார்கள். ஆகவே குப்பைத் தொழில் வணிகமாவதை நான் எதிர்க்கவில்லை. வணிகம் வந்த பிறகு அதில் பங்கு யாருக்கு என்பதே கேள்வி. பணம் இல்லாதவரை அது பெண்ணின் கடமை. விடுதி கட்டணம் கொடுக்கத் தொடங்கியதும், வண்டியும் இயந்திரமும் வைத்திருப்பவரின் தொழில். பாலுக்கும் மீனுக்கும் நடந்தது இதுதான்.

நீலக்கொடிக்கு 33 அளவுகோல்கள் உண்டு. குப்பையை எப்படிக் கையாள்கிறோம் என்பதும் அவற்றில் அடக்கம். காலையில் கடற்கரைக்கு வருபவர் சுத்தமான மணலைப் பார்க்கிறார், படம் எடுக்கிறார், போகிறார். என் ஊர்க் கிராமசபைக் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக வைக்கலாம். விடுதிகள் பிரித்துத் தராத கழிவைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அதை அள்ளும் பெண்களுக்கு வேண்டும். விடுதிகள் தரும் சேகரிப்புக் கட்டணத்திலும் உரம் விற்ற பணத்திலும் அவர்களுக்குப் பங்கு வேண்டும். உரம் தயாரித்தவர்களின் பெயர் ஊராட்சிப் பதிவேட்டில் ஏற வேண்டும். கோட்டையை இடித்தவன் பெயரை 270 ஆண்டுகளாக நினைவு வைத்திருக்கும் ஊருக்கு, மண்ணைக் காப்பாற்றும் பத்துப் பெண்களின் பெயரை எழுதி வைக்க ஒரு பக்கம் போதும்.