தான்றி மரமும் குடவோலையும்: பிழை வரம்பின் முன்வரலாறு பற்றி ஒரு மறுவாசிப்பு

நிகழ்தகவுச் சிந்தனையின் வரலாற்றை எழுதுவோர் இயன் ஹேக்கிங்கைத் தொடாமல் போவதில்லை. அந்தச் சிந்தனை ஐரோப்பாவில் 1660ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் உருப்பெற்றது என்பது 1975இல் வெளிவந்த அவருடைய ‘தி எமர்ஜென்ஸ் ஆஃப் ப்ராபபிலிட்டி’ நூலின் மையவாதம். அந்த வாதத்தின் தொடக்கத்திலேயே மகாபாரதத்து நளன் கதையை அவர் எடுத்துவைக்கிறார். அதைச் சுட்டிக்காட்டியவர் மாதிரிக் கணக்கெடுப்புக் கோட்பாட்டில் பெயர்பெற்ற வி. பி. கோடம்பே. நளன் ஓட்டும் தேரில் செல்லும் அயோத்தி மன்னன் இருதுபன்னன், வழியில் நின்ற தான்றி மரத்தின் இரண்டு பெருங்கிளைகளில் 2,095 காய்கள் இருப்பதாகச் சொல்கிறான். ஒரே ஒரு சிறு கொப்பைப் பார்த்து அவன் இதை மதிப்பிட்டிருக்க வேண்டும் என்கிறார் ஹேக்கிங். நளன் இரவெல்லாம் எண்ணிப் பார்த்து வியக்கிறான். சூதின் நுட்பமும் மாதிரியிலிருந்து முழுமையை மதிப்பிடும் நுட்பமும் ஒருவனிடமே இருந்தன; ஆகவே இரண்டுக்கும் உள்ள உறவை இந்தியர் முன்பே உணர்ந்திருந்தனர் என்பது இந்த வாசிப்பின் சாரம்.

கவர்ச்சியான வாசிப்புதான். ஆனால் மூலம் இதற்கு இடம் தரவில்லை.

வனபருவத்தில் கொப்பு எதுவும் இல்லை. இரவும் இல்லை. தமயந்தியின் இரண்டாம் சுயம்வரத்துக்காகப் பொழுது சாய்வதற்குள் விதர்ப்பம் சேர மன்னன் பறக்கிறான். இரவு முழுவதும் எண்ண நளனுக்கு நேரம் ஏது? மன்னன் சொல்வதும் மதிப்பீடாக இல்லை. தரையில் உதிர்ந்தவை மரத்தில் உள்ளவற்றைவிட 101 கூடுதல். இரு கிளைகளிலும் ஐந்து கோடி இலைகள், 2,095 காய்கள். ஏறத்தாழ, கூடக்குறைய என்ற சொல் எங்குமே வரவில்லை. மரத்தைச் சாய்த்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று நளன் அடம்பிடிக்கும்போது, மன்னன் வேண்டாவெறுப்பாக ஒன்று சொல்கிறான்: நான் காட்டும் கிளையின் ஒரு பகுதியை மட்டும் எண்ணு, அதிலேயே மனம் நிறைவாய். ஹேக்கிங்கின் கொப்பு இந்த வரியிலிருந்து முளைத்திருக்கக்கூடும். அப்படித்தான் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.

அந்த வரி மிகவும் முக்கியமானது. ஒரு பகுதியை எண்ணி முழுமையை நம்பலாம் என்ற எண்ணம் அதில் உண்மையிலேயே இருக்கிறது. அந்த அளவுக்கு ஹேக்கிங்குக்கு இசைய வேண்டும். ஆனால் அந்தப் பகுதி வருவது கணிக்கும்போது அல்ல, சரிபார்க்கும்போது. அதைவிட அழுத்தமான செய்தி, பகுதியைத் தேர்ந்தெடுப்பவன் மன்னன் என்பது. எந்தக் கணக்கைச் சோதிக்க வேண்டுமோ அந்தக் கணக்கைச் சொன்னவனே சோதனைக்கான கிளையையும் கைகாட்டுகிறான். இன்றைய புள்ளியியலில் இது நோக்கத் தேர்வு. சமவாய்ப்புத் தேர்வுக்கு இது நேரெதிர். தேர்வில் தற்செயலுக்கு இடமில்லாதபோது, பிழை எவ்வளவு இருக்கலாம் என்று கணக்கிட வழியே இல்லை.

இந்தக் காட்சியின் தமிழ் வடிவத்தை ஹேக்கிங் விவாதத்துக்குள் கொண்டுவந்து பார்ப்பது பயன் தரும். புகழேந்திப் புலவரின் நளவெண்பாவில், கலிநீங்கு காண்டத்தில் இரண்டு கிளைகள் ஒன்றாகிவிடுகின்றன. இலைக்கணக்கு இல்லை, உதிர்ந்தவற்றின் 101ம் இல்லை. தாழ்ந்த கிளை ஒன்றில் பத்தாயிரம் கோடிக் காய்கள் என்கிறான் மன்னன். தேரை நிறுத்தி எண்ணினால் கணக்கு ஒத்துவருகிறது. ஒரு பகுதியை எண்ணினால் போதும் என்ற பேச்சே காணோம். 2,095 என்ற எண்ணில் தெரிந்த துல்லியத்தைப் புகழேந்தி கைவிட்டு, வியப்பூட்டும் பேரெண் ஒன்றை வைத்துக்கொண்டார். மாதிரியெடுத்தல்தான் கதையின் உயிர் என்று அவர் கருதியிருந்தால், அதை இவ்வளவு எளிதாக உதிர்த்திருப்பாரா? செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள பொன்விளைந்த களத்தூர் அவருடைய ஊர் என்பது மரபு. காலத்தை 12ஆம் நூற்றாண்டு என்போரும் 13ஆம் நூற்றாண்டு என்போரும் உண்டு. ஒட்டக்கூத்தரோடு இணைத்துச் சொல்லப்படும் கதைகளை வைத்து அதை முடிவுசெய்ய இயலாது. அவர் முன் இருந்தது வடமொழியின் எந்தப் பாடம் என்பதும் தீராத கேள்வி. எனவே இந்த வேறுபாட்டை ஒரு வாசகனின் சான்றாக மட்டுமே கொள்ளலாம். இடைக்காலத் தமிழ்ப் புலவர் ஒருவர் இந்தக் காட்சியை எண்ணும் திறத்தின் கதையாகவே படித்திருக்கிறார்.

அப்படியானால் மரமும் சூதும் ஏன் ஒரே காட்சியில் வருகின்றன? விடை தான்றிக்காயிலேயே இருக்கலாம். பழைய இந்தியச் சூதில் தான்றிக்காய்களே ஆட்டக்காய்களாயின. 1907இல் இதை விரிவாக ஆராய்ந்த ஹைன்ரிக் லூடர்ஸ், எடுத்த காய்களின் எண்ணிக்கை நான்கால் மீதியின்றி வகுபடுகிறதா என்பதே வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது என்று காட்டினார். குவியலைக் கண்டதும் எண்ணிவிடுகிறவனுக்கே அங்கே ஆட்டம். இருதுபன்னன் தன்னை எண்ணிலும் சூதிலும் வல்லவன் என்று சேர்த்துச் சொல்வதற்கு இந்த விளக்கம் போதும். நிகழ்தகவைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை. காவியம் ஆட்டத்தின் விதிகளை விளக்கவில்லை என்பதால் இதுவும் ஊகமே. ஆனாலும் கொப்பைவிட இதற்கு மூலத்தில் பிடிமானம் அதிகம்.

தற்செயலைத் தேர்வுக்குக் கருவியாக்கிய சான்று வேண்டுமென்றால், புகழேந்தியின் வட்டாரத்திலேயே உள்ள உத்திரமேரூருக்குப் போக வேண்டும். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை, குடவோலை முறையைப் படிப்படியாகச் சொல்கின்றன. 30 குடும்புகள் என்னும் ஊர்ப் பிரிவுகள், தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகள், அவற்றைக் கலந்து குடத்திலிட்டு, உள்ளே இருப்பது அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தல். யாருடைய கையும் தேர்வைச் சாய்க்கக் கூடாது என்ற அக்கறை ஒவ்வொரு படியிலும் தெரிகிறது. இருதுபன்னன் கிளையைக் கைகாட்டினான்; உத்திரமேரூர்ச் சபை கைகாட்டுவதையே விலக்கியது. ஆனால் அங்கே நடந்தது வாரியத்துக்கு ஆள் தேர்வு. 30 ஓலைகளை எடுத்து ஊரின் நிலைமையை அளக்க எவரும் முயலவில்லை. காவியத்தில் பகுதியைக் கொண்டு முழுமையை நம்பும் எண்ணம் இருந்தது, கல்வெட்டில் தற்செயல் தேர்வு இருந்தது. இரண்டும் கூடியபோதுதான் பிழை வரம்பு பிறந்தது. அந்தக் கூடல் இங்கே நிகழ்ந்ததற்குச் சான்றில்லை.

அது நிகழ ஐரோப்பாவிலும் நெடுங்காலம் பிடித்தது. 1802இல் சில பகுதிகளின் பிறப்புக் கணக்கைக் கொண்டு பிரான்சின் மக்கள்தொகையை மதிப்பிட்ட லாப்லாஸ், பிழை ஐந்து லட்சத்துக்குள் அடங்குவதற்கான வாய்ப்பையும் கணக்கிட்டார். ஆனால் அவர் எடுத்த ஊர்கள் குலுக்கலில் வந்தவை அல்ல. 1920களில் இத்தாலியின் ஜீனியும் கல்வானியும் 214 வட்டாரங்களிலிருந்து 29ஐப் பார்த்துப் பொறுக்கினார்கள். ஏழு பண்புகளின் சராசரி நாட்டுச் சராசரியோடு ஒத்துவந்தது. மற்றவற்றில் பெரிய விலகல். 1934இல் புள்ளியியலாளர் யெர்சி நெய்மன் இந்த உதாரணத்தை வைத்தே நோக்கத் தேர்வை மறுத்து, நம்பிக்கை இடைவெளியை முன்வைத்தார். 1912லேயே ரெடிங் நகரில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்திய பௌலி, நெய்மன் அதை முன்வைத்த கூட்டத்தில் ஐயம் எழுப்பினார். மக்கள்தொகையைக் கிணறாகவும் மாதிரியை வாளியாகவும் கொண்டால், ஒரே கிணற்றிலிருந்து ஆயிரம் பேர் ஆயிரம் வாளி இறைத்தால், ஏறத்தாழ 950 பேரின் இடைவெளிக்குள் உண்மை எண் அகப்படும் என்பது நெய்மனின் வாக்குறுதி. கையில் உள்ள ஒரு வாளியில் அது அகப்பட்டதா என்பதற்கு அவர் உறுதி தரவில்லை. பௌலியின் ஐயம் அங்கேதான் இருந்தது. இன்றும் வகுப்பறைகளில் அது தொடர்கிறது.

சென்னை மாகாணத்தில் நோக்கத் தேர்வு மரபு வலுவாகவே இருந்தது. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைத் தத்தம் ஊர்களை ஆராய்ந்துவரச் செய்தார். காஞ்சிபுரத்தை அடுத்த தூசி அவற்றில் ஒன்று. அருமையான ஆவணங்கள், ஆனால் தூசியின் எண்ணுக்குப் பிழை வரம்பு போட முடியாது. 1930களின் இறுதியில் வங்காளச் சணல் பரப்பை அளந்த மகலனோபிஸ்தான் இந்தியாவில் அந்தப் பழக்கத்தை உடைத்தவர். ஒரே பகுதியை இரு தனித்தனிக் குழுக்களிடம் தனித்தனி மாதிரிகளாகத் தந்து, அவர்களின் வேறுபாட்டையே பிழையின் அளவாகக் கொண்டார். 1950 அக்டோபரில் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அந்த வழியில் வந்தது.

இந்த வரலாறு இன்று சென்னையை ஒட்டிய தாம்பரம், சோழிங்கநல்லூர் வாசகரை எங்கே தொடுகிறது? 2021இல் ஏறத்தாழ ஏழு லட்சம் வாக்காளர் இருந்த சோழிங்கநல்லூரில் 400 பேரைச் சமவாய்ப்பில் எடுத்தால், பாதிப்பாதியான கேள்வி ஒன்றுக்குப் பிழை வரம்பு ஏறத்தாழ ஐந்து சதவீதப் புள்ளிகள். தொகுதி பெரிதென்பதால் வரம்பு விரியாது. அதைப் பாதியாகக் குறைக்க 1,600 பேர் தேவை. ஆனால் தாம்பரம் ரயில் நிலையத்தில் காலை எட்டு மணிக்குப் பத்தாயிரம் பேரைக் கேட்டாலும், அந்த நேரம் வீட்டில் இருப்பவர்களைப் பற்றி அந்த வரம்பு எதுவும் சொல்லாது. கிளையைக் கைகாட்டியது இங்கே ரயில் நேரம்.

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இன்னொரு சிக்கலைக் காட்டுகிறது. தாம்பரம் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. தமிழ்நாட்டில் களப்பணி 2020 ஜனவரியில் தொடங்கியது. மாதிரியோ 2017 மார்ச் மாத எல்லைகளின்படி வகுக்கப்பட்டது. ஆகவே தாம்பரத்துக் குடும்பங்கள் காஞ்சிபுரம் மாவட்டத் தாளுக்குள் இருக்கின்றன. அந்தத் தாளில் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துக் கணித்த எண்கள் அடைப்புக்குறிக்குள் வரும். 25க்கும் குறைவென்றால் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி. மற்ற எண்கள் இருதுபன்னனின் 2,095 போல எந்த வரம்பும் இல்லாமல் நிற்கின்றன. தெரு தெருவாகக் கொத்தாக மாதிரி எடுப்பதால் அவற்றின் உண்மையான வரம்பு எளிய சூத்திரம் தருவதைவிடப் பெரும்பாலும் அகலமானது. மாவட்டத் தாளிலேயே ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அந்த இடைவெளியை அச்சிட வேண்டும். அதற்குத் தேவையான கணக்கு, தரவை வைத்திருப்பவர்களிடமே இருக்கிறது.