எல்லைக் கிராமங்களில் இலவச சேவைகள்: எந்தப் பெயரில், யாரிடம் கேட்பது?

திருவனந்தபுரம்: கேரள மாநிலம் நெய்யாற்றின்கரை தாலுகாவில் உள்ள திருப்புறம், பாறசாலை போன்ற எல்லையோர ஊர்களில் இலவச மருத்துவ உதவி, சட்ட ஆலோசனை, மலிவு விலை மருந்து ஆகியவை எட்டும் தொலைவிலேயே கிடைக்கின்றன. எனினும், தமிழகத்திலிருந்து திருமணம் செய்துகொண்டோ, பணி நிமித்தமாகவோ இங்கு குடியேறியவர்களுக்கு அந்தச் சேவைகளின் பெயரே முதல் தடையாகிறது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நீடித்தது. கொள்வினை, கொடுப்பினை எல்லை தாண்டித் தொடர்ந்தாலும், அரசு அலுவலகச் சொற்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டன.

தமிழகத்தில் 'இ-சேவை மையம்' என்று அறியப்படுவதன் பணியைக் கேரளத்தில் 'அக்ஷயா' மையம் செய்கிறது. 2002-ல் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், ஒவ்வொரு சேவைக்குமான கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. பணம் செலுத்தும் முன் கட்டணப் பட்டியலைப் பார்ப்பதும், ரசீது கேட்பதும் நல்லது. கிராம நிர்வாக அலுவலர் இங்கு 'வில்லேஜ் ஆபீசர்'. மகளிர் சுய உதவிக் குழுவுக்கு இணையானது 'அயல்கூட்டம்'. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பல 'குடும்பாரோக்ய கேந்திரம்' ஆகிவிட்டன. மலிவு விலை மருந்துக்குத் தமிழகத்தில் 'முதல்வர் மருந்தகம்' தேடுபவர், கேரளத்தில் 'நீதி' மெடிக்கல் ஸ்டோரையோ, அரசு மருத்துவமனைகளில் இயங்கும் 'காருண்யா' மருந்தகத்தையோ விசாரிக்க வேண்டும். பிரதமரின் மக்கள் மருந்தகம் மட்டும் இரு மாநிலங்களிலும் 'ஜன் ஔஷதி' என்ற ஒரே பெயரில் உள்ளது.

சட்டம் கூறும் பட்டியல்

உள்ளூர் சேவைகளுக்கான கையேடு என்று தனியாக எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 272ஏ பிரிவின்படி, ஒவ்வொரு கிராம பஞ்சாயத்தும் தான் வழங்கும் சேவைகள், அவற்றுக்கான நிபந்தனைகள், கால வரம்பு ஆகியவற்றை 'பௌராவகாச ரேகை' எனப்படும் குடிமக்கள் சாசனமாக வெளியிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். பஞ்சாயத்து அலுவலகத்தில் இதைக் கேட்டுப் பார்ப்பவர்கள், பட்டியலில் உள்ளவற்றைப் படிக்கும் முன் அது எந்த ஆண்டுக்கானது என்பதைக் கவனிப்பது அவசியம்.

பழைய பட்டியல் எவ்வாறு ஏமாற்றும் என்பதற்குக் குடும்பஸ்ரீ பெண்கள் நடத்தும் ஜனகீய உணவகங்களே சான்று. 2020-ல் 20 ரூபாய்க்கு மதிய உணவு வழங்கிய இவ்வுணவகங்கள், 2023-ல் அரசு மானியம் நிறுத்தப்பட்டதும் விலையை 30 ரூபாயாக உயர்த்தின. பழைய விலையை நம்பி எண்ணிக் கொண்டுவந்த பணத்துடன் செல்லும் கூலித் தொழிலாளிக்கு அந்தப் பத்து ரூபாய் சிறிய தொகையன்று.

அமெரிக்காவில் '211' என்ற ஒரே தொலைபேசி எண், உணவு முதல் வாடகை உதவி வரையிலான உள்ளூர் சேவைகளுக்கு வழிகாட்டுகிறது. 1997-ல் அட்லாண்டாவில் அது தொடங்கியது. திருப்புறம் போன்ற ஊரில் அந்தப் பணியைப் பெரும்பாலும் வார்டு உறுப்பினர், ஆஷா பணியாளர், அங்கன்வாடி ஆசிரியை, அயல்கூட்டச் செயலாளர் ஆகியோரே செய்கின்றனர். அச்சிட்ட பட்டியலைவிட இவர்களது தகவல் பல நேரங்களில் புதியது.

வீடு தேடி வரும் செவிலியர்

அதிகம் அறியப்படாமல் போகும் சேவை, படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கான வலி தணிப்புப் பராமரிப்பு. இதற்கென 2008-ல் தனிக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலம் கேரளம். உள்ளாட்சி அமைப்பும் சுகாதார நிலையமும் இணைந்து, பயிற்சி பெற்ற செவிலியரை நோயாளியின் வீட்டுக்கே அனுப்புகின்றன. தமிழகத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நினைவில் வைத்திருப்பவர்கள், இங்கு 'பாலியேட்டிவ்' என்று கேட்டால் போதும். புற்றுநோய், பக்கவாதம், முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் முடங்கியவர்களைக் கவனிக்கும் குடும்பங்கள் ஆஷா பணியாளரிடம் பெயரைப் பதிவு செய்யக் கேட்கலாம்.

வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்க இயலாதவர்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவு, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையை அளிக்கிறது. இவர்களுக்கு வருமான வரம்பு இல்லை என்பது பலருக்கும் தெரிவதில்லை.

தேசிய சட்ட உதவி எண் 15100, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567. மருத்துவ ஆலோசனைக்குக் கேரளத்தின் 'திஷா' எண் 1056. எல்லைப் பகுதியிலிருந்து அழைப்பவர்கள், தாம் இருக்கும் மாநிலத்தையும் தாலுகாவையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மலையாளம் எழுதத் தெரியாதவர்களும் தயங்க வேண்டியதில்லை. குறைதீர்ப்புக் கோரும் மனுவை, அந்த மாநிலத்திலோ ஒன்றியத்திலோ பயன்படுத்தப்படும் எந்த மொழியிலும் அளிக்க அரசியல் சாசனத்தின் 350-வது பிரிவு உரிமை தருகிறது. கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைவர்களுடனும் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்றும், பதிலும் அம்மொழியிலேயே அனுப்பப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. மனுவின் நகலில் பெறப்பட்ட தேதியுடன் அலுவலக முத்திரை பெற்றுக்கொள்வது, பின்னர் விசாரிக்கச் செல்லும்போது உதவும்.